கையா, கத்தியா? விலகிய மூட்டுப் பற்றிய தீர்ப்பின் வரலாறு

பனையிலிருந்து தவறி வீழ்ந்த ஒருவரை ஊரார் தூக்கிவந்து திண்ணையிற் கிடத்துகின்றனர். தோள் சரிந்து தொங்குகின்றது. கையை அசைக்க இயலவில்லை. சூழ நிற்போருள் ஒருவர் முறிவு தறிவு வைத்தியரை அழைத்துவர ஓடுகின்றார். இன்னொருவர் ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வண்டி தேடுகின்றார். கண்ணீரோடு நிற்கும் மனைவி கேட்பது ஒரே கேள்விதான்: "வெட்டவேண்டி வருமோ?"

இக் கேள்வி புதியதன்று. மனிதன் மரமேறவும் போர்புரியவும் பாரஞ் சுமக்கவும் தொடங்கிய நாள் முதலாக, விலகிய மூட்டின் அருகில் நின்று யாரோ ஒருவர் இதனைக் கேட்டுக்கொண்டே வந்திருக்கின்றார். அதற்கு விடை கூறும் பொறுப்பு வைத்தியனுடையது. அவ் விடையை மனித குலம் எவ்வாறு படிப்படியாகக் கற்றுக்கொண்டது என்பது மருத்துவ வரலாற்றில் அறியத்தக்கதோர் அதிகாரமாகும்.

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. இரண்டு என்புகள் சந்திக்கும் இடம் மூட்டு. அவற்றின் முகங்கள் ஒன்றையொன்று முற்றாக விட்டு நீங்கினால் அது மூட்டு விலகல். முற்றாக நீங்காது, ஒரு பகுதி பொருந்தியும் ஒரு பகுதி வழுவியும் நின்றால் அது அரைவிலகல். மேனாட்டு வைத்தியர் இதனைச் 'சப்லக்சேஷன்' என்பர். முழுவிலகல் கண்ணுக்குத் தெரியும், நோவும் மிகும், ஆதலின் எவரும் அதனைப் புறக்கணிப்பதில்லை. அரைவிலகலோ சிலவேளை நோவின்றி, வெளித்தோற்றத்தில் மாற்றமின்றி, ஆண்டுக்கணக்காக மறைந்திருக்கும். தீர்ப்புக் கூறுவது கடினமாவதும் இங்கேதான்.

1862 ஆம் ஆண்டில் எகிப்து நாட்டின் லக்சர் நகரில் எட்வின் ஸ்மித் என்னும் அமெரிக்கர் பழைய பாப்பிரசுச் சுருள் ஒன்றை விலைக்கு வாங்கினார். அறிஞர் பிரெஸ்டெட் அதனை மொழிபெயர்த்து 1930 இல் வெளியிட்டார். கிறித்துவுக்கு முன் ஏறத்தாழ 1600 ஆம் ஆண்டளவில், அதனினும் பழையதொரு நூலைப் பார்த்து எழுதப்பட்ட படி அது. காயமும் முறிவும் விலகலும் பற்றிய 48 நோயாளரின் குறிப்புக்கள் அதிலுள்ளன. ஒவ்வொரு குறிப்பும் ஒரே ஒழுங்கில் அமைந்தது: முதலில் நோயாளியை ஆராய்தல், பின்னர் நோயைப் பெயரிட்டுக் கூறல், அதன்பின் தீர்ப்பு. அத் தீர்ப்பு மூவகைப்பட்டது. இது யான் தீர்க்கும் நோய் என்பது ஒன்று. இதனோடு யான் போராடுவேன் என்பது இரண்டாவது. இதற்குச் சிகிச்சை இல்லை என்பது மூன்றாவது.

தாடை மூட்டு விலகி வாயை மூட முடியாது தவிப்பவனுக்கு அந்நூல் முதலாவது தீர்ப்பை வழங்குகின்றது. வைத்தியன் தன் பெருவிரல்களை வாயினுள்ளே தாடையின் இரு கோடிகளிலும் வைத்து, ஏனைய விரல்களை நாடியின் கீழ்க் கொடுத்துத் தாடையை உள்ளே தள்ளவேண்டும் என்கின்றது. இன்றைய வைத்தியசாலைகளிலும் பெரும்பாலும் இவ்வாறே செய்யப்படுகின்றது. கழுத்து நெறிந்து திரும்ப முடியாதவனும் தீர்க்கத்தக்கவனே. ஆனால் கழுத்து முள்ளென்பு விலகி, கைகளையும் கால்களையும் உணராது, சிறுநீர் தானே கசியக் கிடப்பவனுக்கு மூன்றாவது தீர்ப்பே எழுதப்பட்டுள்ளது. முள்ளந்தண்டினூடே ஓடும் நரம்புக் கயிறாகிய முண்ணாணை அக்கால வைத்தியன் இன்னதென்று அறியான். ஆயினும், மூட்டு எவ்வளவு விலகியது என்பதைக் காட்டிலும் அவ்விலகல் உடலில் எதனைக் கெடுத்தது என்பதே தீர்ப்பை நிருணயிக்கும் என்பதை அவன் கண்டுகொண்டான்.

எகிப்தியருக்குப் பின் கிரேக்கர் வருகின்றனர். ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மூட்டுக்கள் பற்றிய நூல் கிறித்துவுக்கு முன் ஐந்தாம், நான்காம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. தோள் விலகியவனை நிலத்திற் கிடத்தி, அவன் கமக்கட்டில் வைத்தியன் தன் குதிக்காலை ஊன்றி, கையைப் பிடித்திழுத்து மூட்டைச் சேர்க்கும் முறை அதிற் கூறப்பட்டுள்ளது. இம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. அடிக்கடி விலகும் தோளைப் பற்றியும் அந்நூல் பேசுகின்றது. மற்றெல்லா வகையிலும் தகுதியுள்ள வீரர் பலர் இக் குறையினால் மற்போட்டியை விட்டு நீங்கினர் என்றும், போர்க்களத்தில் மாண்டனர் என்றும் அது வருந்துகின்றது. அத்தகையோருக்குக் கமக்கட்டின் தோலைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பினாற் சுடவேண்டும். புண் ஆறித் தோல் சுருங்குகையில், எலும்பு நழுவும் பாதை அடைபடும் என்பது அவர் கருத்து. சுடும்போது பெருங் குருதிக்குழாய்களையும் நரம்புகளையும் தீண்டலாகாது என்ற எச்சரிக்கையும் உடனுள்ளது. கத்தி கொண்டு மூட்டைத் திறவாத காலத்தில், சத்திரசிகிச்சையின் நோக்கத்தை நெருப்பினால் நிறைவேற்ற முயன்ற முறை இது. முதல் விலகலுக்குக் கை. மீண்டும் மீண்டும் விலகினால் நெருப்பு. இவ்வாறு ஒரு படிமுறை அங்கே தோன்றிவிட்டது.

அதே நூல் முள்ளந்தண்டு கூனியவர்களை ஏணியிற் கட்டி உயரத்திலிருந்து விழச்செய்யும் வழக்கத்தைக் கடிகின்றது. கூட்டத்தார் வாய்பிளந்து பார்ப்பதற்காகவே சில வைத்தியர் அதனைச் செய்தனர் என்றும், அதனால் எவரும் நிமிர்ந்ததில்லை என்றும் கூறுகின்றது. வேடிக்கைக்காகச் செய்யும் சிகிச்சையைச் சிகிச்சை என்று ஏற்காத அந்த நேர்மை போற்றத்தக்கது.

நம் அயலிலுள்ள பாரத நாட்டில் சுசுருத சங்கிதை எலும்புக் கேடுகளை இருவகையாகப் பிரித்தது. மூட்டு விலகல் ஆறு வகை. எலும்பு முறிவு பன்னிரண்டு வகை. இழுத்தல், அழுத்தல், ஒன்றுசேர்த்தல், கட்டுதல் என்னும் நான்கு செயல்களே சிகிச்சையின் அடிப்படை. கால் அசையாதிருக்குமாறு முளைகள் அறைந்த பலகைப் படுக்கையும் அதிற் கூறப்படுகின்றது. மூக்கறுந்தவனுக்குக் கன்னத்துத் தசைகொண்டு மூக்கமைத்த அந்த நூல் கத்திக்கு அஞ்சிய நூலன்று. எனினும் விலகிய மூட்டைத் திறக்க அது சொல்லவில்லை. அக்காலத்திற் கையே சிறந்த கருவியாயிருந்தது.

அந்தக் கைவன்மை நூல் கற்றோரிடத்து மட்டும் தங்கவில்லை. தந்தையிடமிருந்து மகன் கற்கும் குடும்பக் கலையாக அது நாடுதோறும் வளர்ந்தது. தமிழ்ப் பகுதிகளின் முறிவு தறிவு வைத்தியரைப் போலவே இங்கிலாந்திலும் எலும்புபொருத்துவோர் இருந்தனர். பட்டம் பெற்ற வைத்தியர் அவர்களை இகழ்ந்தனர். ஆனால் 1867 இல் சேர் ஜேம்ஸ் பாஜெற் என்னும் இலண்டன் சத்திரவைத்தியர் தம் சொற்பொழிவொன்றில், எலும்புபொருத்துவோர் குணப்படுத்தும் நோயாளரும் உளர் என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களிடமுள்ள நன்மையைக் கற்றுத் தீமையை விலக்குமாறு தம் தோழர்க்கு அறிவுறுத்தினார். அத்தகைய குடும்பமொன்றிற் பிறந்த ஹியூ ஓவென் தோமஸ் முறையாக மருத்துவம் கற்றுப் பட்டமும் பெற்றார். நோயுற்ற மூட்டுக்கு நீண்ட, இடையறாத ஓய்வே மருந்து என்பது அவர் கொள்கை. அவர் அமைத்த தோமஸ் சட்டம் முதலாம் உலகப் போரில் தொடை முறிந்த போர்வீரர் பலரின் உயிரைக் காத்தது. ஊர்க் கைவன்மையும் கல்லூரி அறிவும் ஒருவரிடத்தே கூடியபோது விளைந்த நன்மை இது.

கையினால் ஆகாதவற்றுக்குக் கத்தியை ஏன் நாடவில்லை? காரணம் இரண்டு. ஒன்று, தாங்கொணா நோவு. மற்றொன்று, திறந்த மூட்டிற் சீழ்பிடித்தால் உறுப்போ உயிரோ போய்விடும் என்னும் அச்சம். 1814 இல் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் ஹென்றி கிளைன் என்பவர் துணிந்தார். முதுகெலும்பு முறிந்து விலகிக் கால்கள் செயலற்ற ஒருவரின் முதுகைத் திறந்து, முண்ணாணை அழுத்திய எலும்பை அகற்ற முயன்றார். நோயாளி பிழைக்கவில்லை. இதைத் தொடர்ந்து பெருவாதம் மூண்டது. நூற்றில் ஒருவராவது தப்புவாரெனின் முயல்வது கடமை என்பது அஸ்லி கூப்பரின் கட்சி. காயத்தைத் திறப்பது அழற்சியை உள்ளே அழைப்பதாகும் என்பது சார்ள்ஸ் பெல்லின் கட்சி. இருவரும் அக்காலத்துத் தலைசிறந்த வைத்தியர். இருவர் வாதத்திலும் உண்மை இருந்தது. அவ் வழக்கைத் தீர்ப்பதற்கு வேண்டிய சான்றுகளோ அன்று எவரிடமும் இருக்கவில்லை.

அதன்பின் நிலைமை படிப்படியாக மாறியது. 1846 இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் ஈதர் என்னும் மயக்கமருந்து பலரறியப் பயன்படுத்தப்பட்டது. 1867 இல் ஜோசப் லிஸ்ரர் காபோலிக் அமிலத்தினால் சீழைத் தடுக்கும் முறையை வெளியிட்டார். 1895 இல் ரொன்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். நோவு தணிந்தது, சீழ் அடங்கியது, உள்ளிருக்கும் எலும்பு கண்ணுக்குத் தெரிந்தது. அதுகாறும் "வெட்ட முடியுமா?" என்பதே கேள்வி. அதன்பின் "வெட்ட வேண்டுமா?" என்பது கேள்வியாயிற்று. முன்னதற்குத் திறமை விடையளிக்கும்; பின்னதற்கு விவேகமே விடையளிக்க வேண்டும்.

இந்த விவேகத்தை முதலிற் கற்பித்தது குழந்தைகளின் இடுப்புமூட்டு. சில குழந்தைகள் இடுப்புமூட்டுத் தளர்ந்தோ விலகியோ பிறக்கின்றன. கவனியாது விட்டால் நடக்கத் தொடங்கியதும் நொண்டும். நடுவயதில் மூட்டுத் தேய்ந்து நோவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மனியில் ஹொஃபாவும் வியன்னாவில் அடொல்ப் லொறென்சும் இம்மூட்டைக் கத்தியால் திறந்து சேர்த்தனர். ஆனால் லொறென்சின் கைத்தோலுக்குக் காபோலிக் அமிலம் ஒவ்வவில்லை. அக்காலச் சத்திரவைத்தியர் அவ்வமிலத்திற் கைகழுவாது அறையினுட் புக முடியாது. ஆகவே அவர் கத்தியைக் குறைத்து, மயக்கமருந்து கொடுத்துக் கையினாலேயே மூட்டை உட்செலுத்திப் பாரிசுச் சாந்துக் கட்டிடும் முறையிற் கருத்தூன்றினார். 'குருதி சிந்தாச் சத்திரவைத்தியர்' என உலகம் அவரைப் போற்றியது. 1902 இல் சிக்காகோ நகரின் பெருஞ் செல்வர் ஆர்மர் தம் சிறு மகள் லொலிற்றாவுக்குச் சிகிச்சை செய்ய அவரை அழைத்தார். அப்பயணத்தில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் ஏழைக் குழந்தைகள் பலருக்கும் அவர் தம் முறையைச் செய்து காட்டினார்.

ஆயினும் குருதி சிந்தாமை தீங்கின்மை ஆகாது. காலம் செல்ல, எக்ஸ் கதிர்ப்படங்கள் வேறொரு கதையைச் சொல்லின. வன்மையாகத் தள்ளப்பட்டு, தவளையின் கால்போல் அகட்டிக் கட்டப்பட்ட மூட்டுக்கள் சிலவற்றில், தொடையென்பின் தலைக்குச் செல்லும் குருதியோட்டம் தடைப்பட்டு எலும்பு நலிந்தது. வேறு சிலவற்றில் மூட்டு முற்றாகச் சேராது அரைவிலகலாகவே நின்றது. வெளியில் வெற்றிபோலத் தோன்றியது உள்ளே அரைத்தோல்வியாக இருந்தது. கத்தியும் தீங்கு செய்யும். கையும் தீங்கு செய்யும். எதனைத் தேர்வதாயினும் அதன் விலையை அறிந்தே தேர்தல் வேண்டும் என்பது அப்போது விளங்கியது.

விலையைக் குறைக்கும் வழி, காலத்தோடு கண்டறிதல். 1930 களில் இத்தாலியின் பெராரா நகரில் குழந்தை வைத்தியர் ஒற்றொலானி, குழந்தையின் தொடைகளை மெல்ல அகட்டும்போது விலகிய மூட்டு உள்ளே சேர்வதைக் கைவிரல்களால் உணரும் சோதனையை விளக்கினார். 1962 இல் இங்கிலாந்தின் சல்போட் நகர வைத்தியர் பார்லோ தம் ஆய்வை வெளியிட்டார். பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ அறுபதுக்கு ஒன்றில் மூட்டுத் தளர்ந்திருந்தது. ஆனால் அவற்றுள் நூற்றுக்கு அறுபதுக்கு மேற்பட்டவை ஒரு வாரத்துள்ளும், நூற்றுக்கு 88 இரண்டு மாதத்துள்ளும் யாதொரு சிகிச்சையுமின்றித் தாமே உறுதியடைந்தன. எஞ்சிய பன்னிரண்டுக்கே வைத்தியரின் உதவி வேண்டியிருந்தது. தளர்ச்சி கண்டவுடன் எல்லோரையும் கட்டுவதும் தவறு; எல்லோரையும் விட்டுவிடுவதும் தவறு. கவனத்தோடு காத்திருத்தலும் ஒரு சிகிச்சையே என்பதை இந்த எண்கள் நிலைநாட்டின.

பின்னர் வயதே தீர்ப்பின் அளவுகோலாயிற்று. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குச் செக் நாட்டு வைத்தியர் பாவ்லிக் அமைத்த மென்மையான வார்க்கட்டு. அது கால்களை இறுக்காது, இடுப்புச் சரியான நிலையில் அசைய இடங்கொடுக்கும். அவ்வயது கடந்தால், மயக்கமருந்து கொடுத்து மூட்டைச் சேர்த்துப் பாரிசுச் சாந்துக் கட்டு. ஒன்றரை வயதும் கடந்து நடக்கும் பிள்ளையாயின் பெரும்பாலும் கத்தி. ரொறொன்ரோ நகர வைத்தியர் சோல்ற்றர் 1957 இல் முதன்முதற் செய்து 1961 இல் வெளியிட்ட முறை, இடுப்பென்பை வெட்டிக் குழியின் கூரையைத் தொடையென்பின் தலைமேல் திருப்பி அமைப்பது. அரைவிலகலாய் நிற்கும் மூட்டும் இதனால் நிலைபெறும். 1980 அளவில் ஒஸ்திரிய நாட்டு வைத்தியர் கிராப் மீயொலியினாற் சிசுவின் மூட்டைக் காணும் வழியைத் தந்தார். ஒரே நோய்க்கு முதல் மாதத்தில் வார்க்கட்டும் மூன்றாம் ஆண்டில் கத்தியும் தீர்ப்பாவதைக் காணும்போது, காலந் தாழ்த்துவதன் விலை புலனாகின்றது.

இங்கே நம் தாய்மார் வழக்கமொன்றையும் நினைத்தல் தகும். குழந்தையை ஒக்கலையில் இருத்தித் தொடைகள் இருபுறமும் அகன்று தாயின் இடையைப் பற்றுமாறு தூக்கும் வழக்கம் இடுப்புமூட்டுக்கு ஏற்றது. கால்களை நேரே நீட்டி இறுகச் சுற்றிவைக்கும் நாடுகளில் இந்நோய் மிகுதி. யப்பானில் 1970 களில் அவ்வாறு இறுகச் சுற்றும் வழக்கத்தைக் கைவிடுமாறு தாய்மார்க்கு அறிவுறுத்தியபின் நோய் வெகுவாகக் குறைந்தது. கத்தியின் தேவையை ஒரு துணிச்சுற்றே கூட்டவும் குறைக்கவும் வல்லதாயிருந்தது.

தோளின் கதை வேறு. ஹிப்போக்கிரட்டீசு நெருப்பினால் அடைக்க முயன்ற பாதை உண்மையில் எங்கே உள்ளதென 1906 இல் ஜெர்மனியரான பெர்த்தெசும், 1923 இல் இலண்டன் வைத்தியர் பாங்காற்றும் காட்டினர். தோட்குழியின் விளிம்பைச் சூழ்ந்த நார்வளையம் முன்பக்கத்திற் பிய்ந்து போவதே மீண்டும் மீண்டும் விலகுவதற்குக் காரணம். அதனை மீளத் தைத்துவிட்டால் தோள் நிலைபெறும். அப்படியாயின் முதன்முறை தோள் விலகியவுடனேயே தைத்துவிடலாமே என்று தோன்றும். சுவீடன் நாட்டில் ஹொவெலியஸ் என்பார் நோயாளரை இருபத்தைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2008 இல் முடிவை வெளியிட்டார். பன்னிரண்டு முதல் இருபத்தைந்து வயதுவரையுள்ள இளைஞரிலும், கத்தியின்றிச் சிகிச்சை பெற்ற தோள்களில் ஏறத்தாழப் பாதி மறுபடி விலகவில்லை, அல்லது காலப்போக்கிற் தாமே உறுதிபெற்றன. மற்றப் பாதியின் வருத்தமும் மெய்யே. ஆதலின் முதல் விலகலின்போது வயது என்ன, தொழில் என்ன, எலும்பின் விளிம்பு உடைந்துள்ளதா, எத்தனை முறை விலகியது என்று கேட்ட பின்னரே தீர்ப்புக் கூறப்படுகின்றது. எழுதுவினைஞருக்கும் மரமேறும் தொழிலாளிக்கும் ஒரே தோள் ஒரே தீர்ப்பைப் பெறாதிருக்கலாம்.

இனிக் கழுத்துக்கு வருவோம். இடுப்பிலும் தோளிலும் பிழைத்தால் உறுப்புக் கெடும். கழுத்திற் பிழைத்தால் உயிரே போகும். தலையைத் தாங்கும் முதல் முள்ளென்பு அத்திலசு, வளையம் போன்றது. அதன் கீழுள்ள அச்சு முள்ளென்பின் பல்போன்ற முளை அவ்வளையத்தினுள் மேலெழுந்து நிற்கும். நாம் தலையைத் திருப்பும் திருப்பத்தில் ஏறத்தாழப் பாதி இவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்கின்றது. வளையத்தின் உள்ளிடத்தில் மூன்றிலொன்று முளைக்கும், மூன்றிலொன்று முண்ணாணுக்கும் உரியது. எஞ்சிய மூன்றிலொன்று வெற்றிடம் என 1968 இல் ஸ்ரீல் என்னும் அமெரிக்க வைத்தியர் எளிதாக விளக்கினார். இயற்கை அளித்த காப்பு அவ்வெற்றிடமே. அரைவிலகல் அதனைத் தின்று தீர்க்கும்வரை நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. தீர்ந்தபின் ஒரு சிறு வீழ்ச்சியும் போதும்.

கழுத்தெலும்பைக் கட்டி நிறுத்தும் முயற்சி 1891 இல் தொடங்கியது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஹட்றா என்பவர் விலகிய கழுத்து முள்ளென்புகளை வெள்ளிக் கம்பியினால் இணைத்தார். 1910 இல் மிக்ஸ்ரரும் ஒஸ்குட்டும் அத்திலசை அச்சென்போடு பட்டுநூலினாற் கட்டினர். 1939 இல் கனேடிய வைத்தியர் கலி கம்பியோடு எலும்புத் துண்டையும் வைத்து இரண்டையும் ஒன்றாக வளரச்செய்தார். பிற்காலத்தில் திருகாணிகள் வந்தன. கருவி எதுவாயினும், அவ்விரு என்புகளையும் ஒன்றாக்கினால் தலை திரும்புதலிற் பாதி போய்விடும். அந்த விலையைக் கொடுக்க எப்போது துணிவது?

இதற்கு விடையளித்தது மூட்டுவாத நோயாளரின் நீண்ட துயரம். ருமற்றொயிட் எனப்படும் மூட்டுவாதம் அத்திலசைப் பிணிக்கும் நார்களை அரித்துவிடும். வளர்ந்தவரில் அத்திலசின் முன்வளைவுக்கும் முளைக்கும் இடைவெளி 3 மில்லிமீற்றருக்கு மேற்படின் அரைவிலகல் எனலாம். அந்த இடைவெளியை மட்டும் அளந்துவந்த வைத்தியர் ஏமாந்தனர். மிகுதியாக விலகிய சிலர் நலமாயிருந்தனர், குறைவாக விலகிய சிலர் செயலிழந்தனர். 1993 இல் போடனும் தோழரும் 73 நோயாளரின் வரலாற்றை ஆராய்ந்து, அளக்கவேண்டியது முளைக்குப் பின்னால் முண்ணாணுக்கு எஞ்சியுள்ள இடமே எனக் காட்டினர். அது 14 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ ஆனால் ஆபத்து அணுகுகின்றது. 10 மில்லிமீற்றருக்குக் குறைந்து உறுப்புக்கள் செயலிழந்தபின் சத்திரசிகிச்சை செய்தும் மீட்சி கிட்டவில்லை. 1996 இல் இலண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வொன்றும், நடக்க இயலாத நிலையை அடைந்தபின் கத்தியைப் பெற்றோர் பெற்ற பயன் சிறிதென்றும், அவருள் இறந்தோர் பலரென்றும் கூறியது. 'பார்ப்போம், பார்ப்போம்' என்று காத்திருத்தல் இடுப்பில் விவேகமாயிருந்தது. இங்கே அதுவே கேடாயிற்று. பழைய எகிப்தியனின் மூன்றாவது தீர்ப்பை நோய் தருவதற்கு முன், வைத்தியன் முதலாவது தீர்ப்பைக் கூறிவிடவேண்டும். மகிழத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. புதிய மருந்துகள் மூட்டுவாதத்தைத் தொடக்கத்திலேயே அடக்குவதனால் இந்நிலைக்கு வருவோர் தொகை முன்னையிலும் குறைந்துள்ளது.

அதே மூட்டு, ஆனால் தீர்ப்பு வேறாகும் நோயும் உண்டு. தொண்டை அழற்சிக்குப் பின் குழந்தையின் கழுத்து ஒருபுறம் திரும்பி நின்றுவிடுவதை 1830 இல் சார்ள்ஸ் பெல்லும் 1930 இல் பிரெஞ்சு வைத்தியர் கிறிசெலும் விவரித்தனர். அழற்சியினால் நார்கள் தளர்ந்து அத்திலசு சுழன்று நிற்பதே இது. காலத்தோடு கண்டால் மருந்து, ஓய்வு, கழுத்துப்பட்டி, வேண்டின் மெல்லிய இழுவை ஆகியனவே பெரும்பாலும் போதும். சுளுக்கென்று கருதி எண்ணெய் தேய்த்து வாரக்கணக்காக விட்டுவிட்டால், பின்னர் கத்தியை நாடவேண்டி வரலாம்.

விபத்தில் நெரிந்த கழுத்துக்கு எண்களை வகுத்தோர் யேல் பல்கலைக்கழகத்து வைற்றும் பஞ்சாபியும் ஆவர். 1970 களில் இறந்தோரின் கழுத்தெலும்புகளில் நார்களை ஒவ்வொன்றாக அறுத்துச் சோதித்து, ஓர் என்பு அடுத்ததன்மேல் 3.5 மில்லிமீற்றருக்கு மேல் வழுவினாலோ, அயல் மூட்டினும் 11 பாகைக்கு மேற் கோணினாலோ கழுத்து உறுதி இழந்ததெனக் கொள்ளலாம் என்றனர். 2007 இல் வெளிவந்த மற்றொரு முறை எலும்பின் கேடு, நார்களின் கேடு, நரம்பின் கேடு ஆகிய மூன்றுக்கும் புள்ளி வழங்குகின்றது. நான்குக்கு மேல் கத்தி; நான்குக்குக் கீழ் கட்டு; சரியாக நான்கெனின் வைத்தியரும் நோயாளியும் கலந்து முடிவுசெய்வர். எண்களுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அம்முறையே ஒப்புக்கொண்டுள்ளது.

அரையின் முதுகில் ஒரு முள்ளென்பு முன்னோக்கி வழுவுதலும் பலரிடம் காணப்படுவது. படத்தில் வழுவல் தெரிந்தால் திருகாணி இட்டு இணைப்பதே முறை எனப் பல்லாண்டு எண்ணப்பட்டது. 2016 இல் சுவீடனிலும் 2021 இல் நோர்வேயிலும் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வுகள், நரம்பை நெருக்கும் பகுதியை நீக்கினாலே முதியோர் பலருக்குப் போதும். இணைத்தல் அவர்களுக்கு மேலதிக நன்மை தரவில்லை என்று காட்டின. அதே 2016 இல் அமெரிக்க ஆய்வொன்று இணைத்தலுக்குச் சிறிது நன்மை கண்டது. ஆகவே இவ்வழக்கு நோயாளிக்கு நோயாளி ஆராயப்படுகின்றது. படத்துக்கு வைத்தியம் செய்யலாகாது. படத்துக்குரிய மனிதனுக்கே வைத்தியம்.

இன்னொரு குழப்பத்தையும் நீக்குதல் வேண்டும். 1895 இல் அமெரிக்காவின் டவன்போட் நகரில் பாமர் என்பவர் தொடங்கிய கைரோபிரக்ரிக் முறையினரும் 'சப்லக்சேஷன்' என்னும் சொல்லை வழங்குவர். அவர்கள் கருதுவது வேறு. படத்தில் அளந்து காட்டக்கூடிய விலகல் அன்று. இங்கே கூறிய மில்லிமீற்றர்க் கணக்குகள் அதற்குப் பொருந்தா. சொல் ஒன்றாயிருப்பதனால் சிகிச்சையும் ஒன்றாகிவிடாது.

மூவாயிரத்து அறுநூறு ஆண்டுப் பயணத்தின் முடிவில் வைத்தியன் கேட்கும் கேள்விகள் சிலவே. நரம்புக்குத் தீங்கு நேர்ந்துள்ளதா, நேரும் நிலை அணுகியுள்ளதா? மூட்டுத் தன் உறுதியை இழந்துவிட்டதா, அன்றிச் சிறிது வழுவி நிற்கின்றதா? விட்டால் இயற்கை சீர்செய்யுமா, கெடுக்குமா? இந்த நோயாளிக்கு, இந்த வயதில், இந்தத் தொழிலில், கத்தியின் விலை அதன் பயனுக்குத் தகுமா? இவற்றுக்கு விடை கண்டபின் கூறப்படும் "வேண்டாம்" என்பதும் "வேண்டும்" என்பதும் சமமான மதிப்புடையன.

திண்ணையிற் கிடக்கும் அந்த மனிதருக்கு மீண்டும் வருவோம். தோள் மட்டும் விலகியிருப்பின் தேர்ந்த கை ஒன்று அதனைச் சேர்க்கும். பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. எனினும் எலும்பும் முறிந்துள்ளதோ என்று படமெடுத்துப் பார்த்தபின் சேர்ப்பதே பாதுகாப்பு. ஆனால் கழுத்து நோகின்றதென்றோ, கைகால் மரத்ததென்றோ, விரல்கள் பொத்தானைப் பூட்டத் தடுமாறுகின்றனவென்றோ, நடை தள்ளாடுகின்றதென்றோ, சிறுநீர் தன்வசத்தில் இல்லையென்றோ அவர் கூறினால் அக் கழுத்தை எவரும் திருப்பவோ தேய்க்கவோ இழுக்கவோ கூடாது. தலையையும் உடலையும் ஒரே நேர்கோட்டில் அசையாது வைத்துப் பெரிய வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லல் வேண்டும். பழைய எகிப்திய வைத்தியன் அத்தகைய நோயாளியைப் பார்த்துக் கையை விரித்தான். இன்று அவருக்கு வேறு தீர்ப்பு எழுத இடமுண்டு. ஆனால் அவரை உரிய வேளையில், உரிய முறையில் கொண்டுசேர்ப்போர் கையிலேயே அதன் முதற் பகுதி இருக்கின்றது.